மோட்டார்த் தொழிலாளியின் கையும் முதுகும்

கல்லூரி விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் மோட்டார் வண்டி பழுதுபார்ப்போரின் உடல்நிலை பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பை விளைவித்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பார்க்குக் கராஜில் யாது வேலை என வினவுவாரும் உளராவர். அவர்க்கு யாம் கூறும் விடை எளிது. எம்மிடம் பயில்வாருட் சிலர் பல்கலைக்கழகம் புகுகின்றனர், சிலர் ஆசிரியராகின்றனர், சிலர் வாணிகம் செய்கின்றனர். வேறு சிலரோ சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு ஸ்பனரைக் கையில் எடுக்கின்றனர். முன்னையோர்க்கு முதல் வேறு வேறாக அமையும். இவர்க்கோ இரண்டு கையும் ஒரு முதுகுமே முதல். அம்முதல் நாற்பது வயதுக்குள் தேய்ந்து போகுமாயின், அவர்தம் குடும்பம் எதனைக் கொண்டு வாழும்? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஹட்டன் நகரம் வண்டிகளால் வளர்ந்த நகரம். 1884ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக மலையேறி நுவரெலியா செல்லும் ஏ7 பெருந்தெரு இந்நகரை ஊடறுத்துச் செல்கின்றது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய இடங்களுக்குச் செல்வோரும் பெரும்பாலும் இங்கு இறங்கியே வண்டி மாறுவர். மார்கழித் திங்கட் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பஸ்கள் இரவும் பகலும் ஏறி இறங்கும். ஏற்றத்திலே கிளட்சு தேயும். இறக்கத்திலே பிரேக்கு தேயும். வளைவிலே டயர் தேயும். இவையனைத்தையும் செப்பஞ் செய்து மீண்டும் ஓடவிடுவோர் நம் ஊர்க் கராஜ்களில் வேலை செய்யும் பாஸ்மாரும் அவரிடம் தொழில் பழகும் இளைஞருமே. வண்டியின் தேய்மானத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் அவர், தம் உடலின் தேய்மானத்தைக் கணக்கிடுகின்றாரா என்பதே நாம் சிந்திக்கற்பாலது.

சொல்லும் பொருளும்

தொழிலை மனிதனுக்குப் பொருந்துமாறு அமைப்பது எவ்வாறு என ஆராயும் கலையை இன்று பணிச்சூழலியல் என வழங்குகின்றோம். மேனாட்டார் இதனை ஏர்கொனோமிக்ஸ் என்பர். 1857ஆம் ஆண்டிலே போலந்து நாட்டறிஞர் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி என்பார் கிரேக்க மொழியிலுள்ள இரண்டு சொற்களை இணைத்து இப்பெயரை ஆக்கினார். ஏர்கொன் என்பது வேலை. நொமொஸ் என்பது விதி. ஆகவே வேலையின் விதி என்பதே இச்சொல்லின் பொருளாம். பின்னர் 1949இல் பிரித்தானியாவிலே அறிஞர் பலர் கூடி இத்துறைக்கென ஒரு கழகத்தை நிறுவியதன் பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவலாயிற்று.

இதனினும் மிக முந்தியே இவ்வுண்மையைக் கண்டவர் இத்தாலிய மருத்துவர் இராமற்சினி ஆவர். தொழில் செய்வோர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். எழுத்தரைக் குறித்து ஆராய்ந்த அவர், இடையறாது இருத்தல், கையை ஒரே வகையாக அசைத்தல், மனத்தை ஓயாது செலுத்துதல் ஆகிய மூன்றுமே அவர்தம் துன்பத்துக்குக் காரணம் எனக் கண்டார். இறகுப் பேனா ஒன்றின் நிறை எவ்வளவு? அதனை நாள்தோறும் அசைத்தலே கையை முடக்குமாயின், இரும்பு ஸ்பனரை அசைப்போர் நிலை என்னவாகும் என்பதை வாசகரே உய்த்துணர்க.

துன்பம் தோன்றும் முறை

எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்பது நம் நாட்டுப் பழமொழி. முயற்சியின் பெருமையைக் காட்டவே அதனை நாம் வகுப்பில் எடுத்தாளுகின்றோம். ஆயின் அப்பழமொழிக்கு மற்றொரு முகமும் உண்டு. எறும்பு சிறிது; ஒரு முறை ஊர்வதாற் கல்லுக்கு யாதும் நேராது. பன்னூறாயிரம் முறை ஊர்ந்தால் தடம் பதிகின்றது. உடம்பின் கதையும் இதுவே. ஏணியிலிருந்து வீழ்ந்து எலும்பு முறிதல் விபத்து; அதற்கு நாளும் நாழிகையும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் நோவுக்கு அவை இல்லை. ஆதலின் அதனை வேலையால் வந்த துன்பம் என ஒருவரும் எளிதில் ஒப்புவதில்லை.

ஒரு கணக்கு இடுவோம். ஒருவர் நிமிடத்துக்கு 20 முறை மணிக்கட்டைத் திருப்புகின்றார் எனக் கொள்வோம். ஒரு மணிநேரத்தில் அது 1200 ஆகும். நாளொன்றுக்கு 2 மணிநேரம் அவ்வாறு செய்தால் 2400. மாதத்தில் 25 நாள் வேலை எனின் 60,000. ஓர் ஆண்டில் 7,20,000. இத்தனை முறை ஊரும் எறும்பு எதனைத் தேய்க்கின்றது?

நம் முன்கையிலுள்ள தசைகள் தசைநாண் எனப்படும் கயிறுகளால் விரல்களை இழுக்கின்றன. அக்கயிறுகள் சில இடங்களில் வழுவழுப்பான உறைகளுள் ஓடுகின்றன. ஓயாத உராய்வினால் உறை வீங்கும். வீங்கினால் வழி குறுகும். குறுகினால் உராய்வு மேலும் மிகும். பெருவிரலின் அடியில் மணிக்கட்டோரம் தோன்றும் இத்தகைய நோவினைச் சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை மருத்துவர் டி கெர்வெய்ன் 1895இல் விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மணிக்கட்டின் உட்புறத்திலே எட்டுச் சிற்றெலும்புகளும் ஒரு வலிய நாரும் சூழ்ந்த ஒடுங்கிய சுரங்கம் ஒன்று உளது. அதனூடே ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பு எனப்படும் ஒரு நரம்பும் செல்கின்றன. மணிக்கட்டு வளைந்த நிலையில் கை அழுத்தி வேலை செய்யுங்கால் சுரங்கத்தினுள் அழுத்தம் பெருகி நரம்பு நெருக்குண்கின்றது. அப்பொழுது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், அணிவிரலின் பாதி ஆகிய இடங்களில் விறைப்பும் ஊசி குத்துதல் போன்ற உணர்ச்சியும் தோன்றும். இரவில் உறக்கத்தைக் கலைத்துக் கையை உதறச் செய்வது இந்நோவின் இயல்பு. கவனியாது விட்டால் பிடி தளரும். சிறிய நட்டைப் பற்றுதலும் அரிதாகும்.

அசைவு மாத்திரமன்று, அசையாமையும் துன்பம் தரும். வண்டியின் அடியில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி வேலை செய்பவரைக் காண்க. தோட்டசைகள் இறுகியபடியே நிற்கின்றன. இறுகிய தசைக்குள் இரத்தம் செவ்வனே ஓடாது. ஆதலின் பெரும் பாரம் தூக்காதிருந்தும் தோள் எரிகின்றது.

இவற்றோடு அதிர்வையும் குளிரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பெட்போர்ட் என்னும் ஊரிலே காற்றழுத்தச் சுத்தியலாற் கல் செதுக்கியோரை 1918இல் மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் ஆராய்ந்தார். அவர்தம் விரல்கள் குளிர்வேளையில் இரத்தம் வற்றி வெளிறி உணர்ச்சியற்றுப் போதலை அவர் எடுத்துக் காட்டினார். கிரைண்டர் பிடிப்போர்க்கும் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டுக் கழற்றுவோர்க்கும் இதே அபாயம் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 4000 அடிக்கும் உயர்ந்த நம் நகரிலே விடியற்பனியில் குளிர்ந்த இரும்பைத் தொட்டு வேலை தொடங்குவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. குளிர்ந்த கை உணர்ச்சி குறைந்தது. உணர்ச்சி குறைந்த கை, வேண்டியதினும் இறுகப் பற்றும். அதனாற் களைப்பு விரைவில் வரும்.

நெம்புகோல் கூறும் உண்மை

முதுகுநோவின் காரணத்தை அறிய விஞ்ஞான வகுப்பிற் படித்த நெம்புகோல் விதியே போதும். பாரத்தை அது நிற்கும் தூரத்தாற் பெருக்கினால் திருப்புவலிமை கிடைக்கும். நம் முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசை, சுழலும் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே உளது. 20 கிலோகிராம் நிறையுள்ள கியர்ப்பெட்டி ஒன்றை உடலிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏந்துகின்றோம் என்க. 20ஐ 50ஆற் பெருக்கி 5ஆல் வகுத்தால் 200 வரும். அஃதாவது 20 கிலோகிராமைத் தாங்குவதற்கு முதுகுத்தசை 200 கிலோகிராமுக்குரிய விசையால் இழுத்தல் வேண்டும். குனிந்த மேலுடலின் நிறை இக்கணக்கிற் சேரவில்லை. அதனையுஞ் சேர்த்தால் தொகை இன்னும் பெருகும். அதே பெட்டியை உடலோடு அணைத்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏந்தினால் விசை 100 ஆகக் குறையும். பாரம் குறையவில்லை, தூரம் குறைந்தது, துன்பம் பாதியாயிற்று.

அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு சுகாதார நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த கணக்கு முறையிலே, எல்லா நிலைமைகளும் மிக நன்றாக அமைந்த இடத்தும் ஒருவர் தூக்குதற்குரிய அளவு 23 கிலோகிராம் எனக் கொள்ளப்பட்டது. தூரமும் திருகலும் தடவைகளும் மிகுந்தோறும் அவ்வளவு குறைந்துகொண்டே வரும். லொறிச் சில்லையும் கியர்ப்பெட்டியையும் தனியொருவராகத் தூக்குதலை வீரம் எனக் கருதும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

ஸ்பனருக்கும் இவ்விதியே. காரின் சில்லு நட்டு ஒன்றுக்கு 100 நியூற்றன் மீற்றர் திருப்புவலிமை வேண்டும் எனக் கொண்டால், 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பனரில் ஏறக்குறைய 40 கிலோகிராம் விசை கொடுத்தல் வேண்டும். 50 சென்ரிமீற்றர் நீளமுள்ளதிலோ 20 போதும். ஆயினும் குறுகிய ஸ்பனரிற் குழாய் ஒன்றைச் செருகி நீட்டுதல் அறிவுடைமை ஆகாது. வழுவினால் முழங்கையும் முகமும் அடிபடும். வேலைக்கேற்ற நீளமுள்ள கருவியே வேண்டப்படுவது.

கொழுந்து மலையும் கராஜும்

இவ்விடத்து ஒன்று கூறாது செல்லல் ஆகாது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையின் துன்பம் மலையகத்துக்குக் கராஜோடு வந்ததன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலை முதல் மாலை வரை இரு கையின் விரல்களாலும் ஓயாது பறிக்கின்றனர். நெற்றியிற் பட்டை மாட்டிய கூடையின் பாரம் கழுத்திலும் முதுகிலும் இழுக்கின்றது. சரிவிலே கால் ஊன்றி நிற்றல் வேண்டும். நிறை போடும் இடத்துக்கு நிறைந்த பாரத்தோடு நடத்தல் வேண்டும். கவ்வாத்து வெட்டும் ஆண்கள் கத்தியை ஒரே வகையாக ஓங்கி ஓங்கி வீசுகின்றனர். கராஜிற் சேரும் இளைஞருட் பலர் இவர்தம் பிள்ளைகளே. தாயின் தோள் நோவையும் தந்தையின் முதுகு நோவையும் லயத்திலே நாள்தோறும் கண்டு வளர்ந்தவராதலின், உழைப்பவன் உடம்பு நோவது இயற்கை என அவர் எண்ணிவிடுகின்றனர். நோவைச் சொல்லுதல் கோழைமை எனவும் கருதுகின்றனர். தலைவிதி என்னும் ஒரு சொல்லால் முழுக் கதையையும் முடித்துவிடுகின்றனர்.

முன்னர் யாம் கூறிய கிரேக்கச் சொல்லின் பொருளை ஈண்டு மீண்டும் நினைக்க. இது தலைவிதி அன்று, வேலையின் விதி. தலைவிதியை மாற்றலாகுமோ என்பது தத்துவ நூலார் ஆராயும் பொருள். வேலையின் விதியை மாற்றலாம் என்பதிலோ ஐயமில்லை. தமிழிலே வினை என்னும் சொல் செயலையும் குறிக்கும். செயலால் வரும் பயனையும் குறிக்கும். பயன் வேறாக வேண்டுமாயின் செயலை வேறாக அமைத்தலே நெறி.

காக்கும் வழிகள்

பெரும் பொருள் செலவிடாமலே செய்யத்தக்கவை பல. அவற்றுட் சிலவற்றை முறைப்படுத்திக் கூறுவாம்.

முதலாவது, வேலையை உடலின் உயரத்துக்குக் கொண்டு வருதல். நிலத்திற் குந்தியிருந்து கழற்றும் உறுப்பைப் பலகை மேசை ஒன்றின்மேல் ஏற்றிவைத்தால் முதுகும் முழங்காலும் தப்பும். முழங்கை உயரமே பெரும்பாலான வேலைக்கு ஏற்ற உயரம். பாரமான கருவிகளை இடுப்பளவான தட்டிலும், இலேசானவற்றை மேலும் கீழும் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பாரத்தைப் பொறியிடம் ஒப்படைத்தல். செயின் புளொக் ஒன்றும் நல்ல ஜாக்கும் கராஜுக்கு ஆடம்பரம் அல்ல. ஆயின் ஜாக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் எவரும் புகுதல் ஆகாது. உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே புகுதல் வேண்டும். வண்டியின் கீழ்ப் படுத்து வேலை செய்வோர்க்குச் சில்லுப் பூட்டிய பலகையும் தலையணைத் துண்டும் உதவும். தலையில் மாட்டும் விளக்கு ஒன்றிருந்தால் கழுத்தைத் திருகி வெளிச்சம் தேட வேண்டுவதில்லை.

மூன்றாவது, மணிக்கட்டை நேராக வைத்தல். மெல்லிய கைபிடி உள்ளங்கையை வெட்டும். றப்பர் சுற்றித் தடித்த பிடியாக்கினால் பற்றுதற்கு விசை குறைவாகப் போதும். கூர் மழுங்கிய உளியும் தேய்ந்த ஸ்பனரும் கையிடம் இரட்டை வேலை வாங்குவன, அவற்றை மாற்றுக. உள்ளங்கையின் அடியைச் சுத்தியலாக்கி உறுப்புகளைத் தட்டும் பழக்கத்தை அடியோடு விடுக.

நான்காவது, வேலையை மாற்றி மாற்றிச் செய்தல். நாள் முழுவதும் ஒருவரே தாள் கொண்டு தேய்த்தலும், மற்றொருவரே சில்லுக் கழற்றுதலும் நன்றன்று. மணிக்கொரு முறை சில நிமிடம் கையை விடுத்து, தோளைச் சுழற்றி, விரலை விரித்து நிற்றல் வேண்டும். இது சோம்பல் அன்று. வெப்பமேறிய எஞ்சினை ஆறவிடும் பாஸ், தம் கையையும் ஆறவிடுதல் தகும்.

ஐந்தாவது, குளிரையும் அதிர்வையும் குறைத்தல். காலையிற் கையை வெந்நீரிலோ உரசியோ சூடேற்றிப் பின் தொடங்குக. கிரைண்டரின் வட்டு சமனற்று ஆடினால் அதிர்வு மிகும்; உடனே மாற்றுக. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட பணிப்புரையிலே கையில் ஏறும் அதிர்வுக்கு நாளளவு எல்லையே வகுத்துள்ளது என்பதை எண்ணுமிடத்து, இஃது எத்துணைப் பெரிய பொருள் என்பது விளங்கும்.

ஆறாவது, அறிகுறியைத் தொடக்கத்திலேயே கூறுதல். மாலையில் நொந்து காலையில் தீரும் நோவு ஓர் எச்சரிக்கை. காலையிலும் தீராதது இரண்டாம் எச்சரிக்கை. இரவிலே கை விறைத்து விழித்தல், பொருள் கைநழுவுதல், விரல் வெளிறுதல் ஆகியன தோன்றின் தைலம் பூசிக் காலம் போக்காது மருத்துவரை நாடுக. நம் பகுதியார்க்கு 2017ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உதவியுடன் புதிய கட்டடம் பெற்ற டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அண்மையிலேயே உளது. அங்கு செல்வோர் நோவை மட்டும் கூறாது, நாள்தோறும் செய்யும் வேலையையும், எவ்வளவு நேரம் செய்கின்றனர் என்பதையும் தாமே எடுத்துக் கூறுவாராக. இராமற்சினி கேட்கச் சொன்ன வினாவுக்கு விடையை ஆயத்தமாகக் கொண்டு செல்லுதல் நோயாளியின் கடமை.

சட்டமும் கடமையும்

இலங்கையிலே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளியின் காவலுக்கென எழுந்தவை. பழுதுபார்க்கும் தொழிலிடங்களும் பின்னையதன் வரைவிலக்கணத்துள் அடங்குவன. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தாலே தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆயினும் சட்டம் புத்தகத்திலே உளது. கராஜோ தெருவோரத்திலே உளது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடப்பிக்க வல்லார் மூவர். முதல்வர், கராஜ் நடத்தும் நம் பழைய மாணவர். அவர் ஒரு மேசையும் இரண்டு தாங்கியும் வாங்கிவைத்தால், பல இளைஞர் முதுகு காக்கப்படும். தேர்ந்த கை நெடுங்காலம் தம்மிடம் நிற்றலால் அவர்க்கும் ஊதியமே. இரண்டாமவர், ஆசிரியர். நெம்புகோலைக் கற்பிக்கும்போது கியர்ப்பெட்டியையும் கொழுந்துக் கூடையையும் எடுத்துக்காட்டாகக் கொள்வாராயின், பாடமும் விளங்கும், உடலும் பிழைக்கும். மூன்றாமவர், மாணவர். தொழில் பழகப் புகும் முதல் நாளிலே கொள்ளும் பழக்கமே முப்பது ஆண்டு தொடரும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் நெறியிற் சேர்ந்து முறையாகப் பயில்வோர், கருவியைக் கையாளும் முறையோடு தம்மைக் காக்கும் முறையையும் கேட்டறிதல் வேண்டும்.

ஆண்டுதோறும் நவராத்திரி நிறைவிலே நம் நகர்க் கராஜ்களில் ஆயுத பூசை நிகழ்கின்றது. ஸ்பனரையும் சுத்தியலையும் எண்ணெய் போகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மலர் சாத்தி வணங்குகின்றனர். அன்று ஒரு நாள் அவற்றுக்கு ஓய்வும் அளிக்கின்றனர். கருவியைத் தெய்வமாகப் போற்றும் இவ்வழக்கம் பெரிதும் பாராட்டத்தக்கது. அக்கருவியைப் பற்றும் கையும் ஓர் ஆயுதமே. அதனைத் தாங்கும் முதுகும் அத்தகையதே. கடையில் விலைக்குக் கிடையாத இவ்விரண்டையும் ஆண்டு முழுவதும் பேணுதல் வேண்டும் என்பதே யாம் இம்மலர் வாயிலாக நம் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் கூற விழைவது.